பழைய கல்லறைத் தோட்டங்கள்: கல்லில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

மேகலா சு.

வணக்கம். பழைய கல்லறைத் தோட்டங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலய முற்றத்தில் தரையெல்லாம் கல்லறைக் கற்களாகவே பாவியிருப்பதைப் பார்த்த பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடிவிட்டது.

ஆனால் ஒரு குறை. பெயர், இறந்த தேதி, வயது, 'அன்பு மனைவி', 'நல்ல தகப்பன்' என்பதற்கு மேல் எந்தக் கல்லும் வாய் திறப்பதில்லை. சிலவற்றில் லத்தீன் வாசகம் இருக்கிறது. சிலவற்றில் மண்டையோடு, சிலவற்றில் குடும்பச் சின்னம். இந்த மனிதர்களின் கதை எங்கே கிடைக்கும்? ஒரு கல்லின் முன்னால் போய் நின்றதும் நீங்கள் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? எந்த ஊர் இடுகாடாக இருந்தாலும் சரி, எழுதுங்கள். பேய்க்கதைகள் மட்டும் வேண்டாம், அவற்றுக்குத் தனி இழைகள் இருக்கின்றன.

பழஞ்சுவடி

நல்ல இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள் மேகலா. நீங்கள் பார்த்த முற்றத்துக் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் யாரும் இல்லை.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் இருக்கும் பக்கம் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அங்கே உயரமாகக் கட்டியிருந்த கல்லறைகள் அவர் படைக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. எதிரிக்கு மறுபடியும் அந்த வசதி கிடைக்கக் கூடாது என்று பிறகு கல்லறைகளை இடித்தார்கள். பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் எடுத்து வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். உடல்கள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

இந்த வரலாறு தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடித்துவிடலாம். தேவாலயம் 1680-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல்லில் இருக்கும் ஆண்டோ 1652. கோயிலுக்கு மூத்த கல் கோயில் முற்றத்தில் கிடந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றுதானே பொருள்! நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்தக் கல் தொடக்கத்திலிருந்தே இங்கேதான் இருந்ததா?

அந்தப் பழைய இடுகாட்டில் இடிபடாமல் தப்பிய கல்லறை ஒன்று உயர்நீதிமன்றப் பக்கம் நின்றது. அதில் பேசப்படும் பெயர்கள் இரண்டு. ஒருவர் 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ். இன்னொன்று 1688-ல் இறந்த குழந்தை டேவிட் யேல். வேறு வேறு குடும்பப் பெயர்கள், எட்டு ஆண்டு இடைவெளி, ஆனாலும் ஒரே கல்லறை. இதன் விடை திருமணப் பதிவேட்டில் இருக்கிறது. ஹின்மர்ஸ் இறந்த அதே 1680-ல், புதிதாகக் கட்டிய புனித மேரி தேவாலயத்தில், அவருடைய விதவை கேத்தரின் மறுமணம் செய்துகொண்டார். மணமகன் எலிஹு யேல். பின்னாளில் சென்னையின் ஆளுநரானவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அந்தக் குழந்தை அவர்களுடைய மகன். முதல் கணவரும் இரண்டாம் மணத்தில் பிறந்த மகனும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததற்குக் காரணம் கேத்தரின்.

கதை எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்களே, இப்படித்தான் கிடைக்கும். கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது, பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியே எழாது.

கரையோரம்

சுவடி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எழுத்துக்கு முன்னால் உருவங்களைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவற்றைச் செதுக்கினார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வாயிலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டு நிற்கின்றன. அச்சுறுத்துவதற்காக வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் மனதில் அது வேறு. உள்ளே வருகிற உயிருள்ளவரைப் பார்த்து 'நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று சொல்வது அந்த எலும்புக்கூடு. மண்டையோடு, குறுக்கு எலும்பு, மணற்கடிகாரம் எல்லாமே அந்த ஒரே பேச்சுதான்.

இந்த உருவங்கள் காலத்தோடு மாறியதை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் அழகாகப் பார்க்கலாம். பாஸ்டன் சுற்றுவட்டார இடுகாடுகளில் முதலில் இறக்கை வைத்த மண்டையோடு. 18ஆம் நூற்றாண்டு போகப் போக அதே இறக்கைகளுக்கு நடுவில் உருண்டைக் கன்னத்தோடு ஒரு தேவதை முகம். நூற்றாண்டின் முடிவில் அதுவும் போய், சாம்பல் கலசமும் அதன்மேல் கவிந்த வில்லோ மரமும். ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960-களில் கல் கல்லாக எண்ணி இந்த மாற்றத்தை வரைபடமாக்கினார்கள். கற்களில் ஆண்டு பொறித்திருப்பதால் எந்த உருவம் எப்போது தொடங்கியது, எப்போது செல்வாக்கு இழந்தது என்று ஊர்வாரியாகச் சொல்ல முடிந்தது. அழிவை நினைவூட்டுவது குறைந்து, ஆன்மாவைப் பற்றிய நம்பிக்கை வந்து, கடைசியில் பிரிந்தவரின் துக்கம் முன்னால் வந்து நின்றது என்று அவர்கள் அதை விளக்கினார்கள்.

இளம்பரிதி

அருமை. அப்படியானால் நங்கூரம் செதுக்கியிருந்தால் மாலுமி, உடைந்த தூண் இருந்தால் விபத்தில் இறந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாமா? இணையத்தில் ஒரு பட்டியல் பார்த்தேன்.

கரையோரம்

அந்தப் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம் தம்பி. கிறிஸ்தவ மரபில் நங்கூரம் என்றால் நம்பிக்கை. கடலையே பார்க்காதவர் கல்லிலும் இருக்கும். உடைந்த தூண் பாதியில் முடிந்த வாழ்வைக் காட்டும், எப்படி முடிந்தது என்று சொல்லாது. ஆட்டுக்குட்டி பெரும்பாலும் குழந்தை. தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் அணைந்த உயிர். கோர்த்த கைகள் விடைபெறுதலாகவும் இருக்கலாம், கணவன் மனைவியாகவும் இருக்கலாம். சட்டைக் கையின் விளிம்பு வேலைப்பாட்டைப் பார்த்தால் ஒன்று ஆண் கையா, மற்றது பெண் கையா என்று சில சமயம் தெரியும். இவற்றுக்கு மேல் 19ஆம் நூற்றாண்டுக் கல்தச்சர்கள் மாதிரிப் புத்தகம் வைத்திருந்தார்கள். குடும்பத்தார் அதைப் புரட்டி, பிடித்ததைக் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் இரகசியம் தேட வேண்டியதில்லை.

பிராகா நகரின் பழைய யூத இடுகாட்டில் மட்டும் உருவங்களை ஓரளவு உறுதியாகப் படிக்கலாம். ஆசி வழங்கும் இரண்டு கைகள் இருந்தால் அவர் குருமார் வழிவந்த கோஹென். நீர்க்குடுவை இருந்தால் அந்தக் குருமாருக்குத் துணைநின்ற லேவியர் வழிவந்தவர். அங்கே மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது. 1787 வரை அடக்கம் நடந்தது. இடம் போதாமல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். கீழடுக்குக் கற்களையும் மேலே தூக்கி நட்டார்கள். அதனால்தான் ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

கல்தச்சன்

எல்லாரும் எழுத்தையும் சிற்பத்தையும் பேசுகிறீர்கள். நான் கல்லைப் பற்றிப் பேசுகிறேன். கல் எது என்று தெரியாவிட்டால் எதைப் படிக்க முடியும், எதைத் தொடவே கூடாது என்று தெரியாது.

ஸ்லேட் கல் என்றால் கவலையில்லை. பாஸ்டனில் முந்நூறு ஆண்டு கடந்த எழுத்தும் நேற்றுச் செதுக்கியதுபோல் நிற்கிறது. அதன் எதிரி ஓரத்தில் ஏற்படும் பிளவுதான். மணற்கல் அடுக்கடுக்காகப் பெயரும். ஒரு நாள் முகம் மொத்தமாக உரிந்து விழுந்தால் வாசகமும் போயிற்று. கருங்கல் எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் உளி வேலை கடினம் என்பதால் பழைய கருங்கல்லில் எழுத்து ஆழமில்லாமல் இருக்கும்.

ஏமாற்றுவது சலவைக்கல். புதிதில் அதைப்போல் அழகு எதிலும் இல்லை. அது கால்சியம் கார்பனேட். நிலக்கரிப் புகையிலும் வண்டிப் புகையிலும் உள்ள கந்தக டைஆக்சைடு மழையோடு சேர்ந்து அமிலமாகி அதன்மேல் விழுந்தால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறிக் கரைகிறது. பிறகு விரலால் தடவினால் சர்க்கரை போல மணி மணியாக உதிரும். அந்த நிலைக்கு வந்த கல்லைத் தடவிப் பார்ப்பதுகூடக் கெடுதல்தான்.

சலவைக்கல்லில் ஈய எழுத்து பதித்த வகை ஒன்று உண்டு. எழுத்தின் வடிவத்தைச் செதுக்கி, உள்ளே சின்னச் சின்னத் துளை போட்டு, ஈயத்தை அடித்து இறக்கிச் சமன் செய்வார்கள். காலப்போக்கில் ஈயம் கழன்று விழுந்துவிடும். பார்ப்பவர் 'எழுத்து போய்விட்டது' என்று நகர்ந்துவிடுவார். குனிந்து பாருங்கள். துளைகள் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் துளைகள் விழும் ஒழுங்கு வேறு. அதே கல்லில் ஈயம் மிஞ்சியிருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டு, துளைகளை வைத்தே முழுப் பெயரையும் மீட்டவர்கள் இருக்கிறார்கள்.

இளம்பரிதி

மங்கிய எழுத்துக்கு மைதா மாவோ சுண்ணாம்புக்கட்டித் தூளோ பூசித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளையாக நின்று தெளிவாகத் தெரியுமாமே? காணொளிகளில் பார்த்தேன். முகச்சவர நுரையும் போடுகிறார்கள்.

கல்தச்சன்

தயவுசெய்து வேண்டாம். மாவு நுண்துளைகளுக்குள் போய்ப் பூஞ்சைக்குத் தீனியாகும். சுண்ணாம்புக்கட்டியைத் தேய்க்கும்போது கல்லும் சேர்ந்து தேயும். நுரையில் இருக்கும் அமிலங்களை எத்தனை முறை கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. ப்ளீச் போட்டால் உப்பு உள்ளே படிந்து, பின்னால் படிகமாகி, மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். கம்பித் தூரிகையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். தாளை வைத்து மெழுகால் தேய்த்துப் பிரதி எடுப்பதையும் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். உள்ளே உப்பிப் போன கல் அந்த அழுத்தத்தையே தாங்காது.

வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள், அது போதும். ஒளி பக்கவாட்டில் தாழ்வாக விழுந்தால் ஆழமில்லாத எழுத்தும் நிழல் போடும். தரையில் படுத்த கல் என்றால் சூரியன் உதித்த சற்று நேரத்திலும் மறைவதற்கு முன்பும் போங்கள். கிழக்குப் பார்த்து நிற்கும் கல் என்றால் உச்சி வேளைக்குச் சற்று முன், வெயில் அதன் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது எடுங்கள். நிழலில் நிற்கும் கல்லுக்கு உதவிக்கு ஒருவர் நிலைக்கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்பலாம், இரவென்றால் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் பிடிக்கலாம். பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்து முப்பரிமாண உருவமாக்கினால், கண்ணுக்குத் தெரியாத வரிகூட வெளியே வரும்.

உறுதியான கல்லாக இருந்தால் நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும், அதுவும் அனுமதி வாங்கிய பிறகு. காய்ந்து வரும்போது எழுத்துப் பள்ளங்கள் கொஞ்ச நேரம் ஈரமாக நிற்கும். படம் எடுக்க அதுவே நல்ல தருணம். சாய்ந்த கல்லை நிமிர்த்த முயலாதீர்கள். ஒரு சாதாரண நிற்கும் கல்லே ஆளை நசுக்கும் எடை இருக்கும்.

மேகலா சு.

கல்தச்சன் அண்ணா, அந்த ஈயத் துளை விஷயம் எனக்குப் புத்தம் புதிது. நிறையக் கற்களை 'அழிந்துவிட்டது' என்று தாண்டி வந்திருக்கிறோம் என்று இப்போது தெரிகிறது.

சிங்கை நிலா

நான் சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் சீனக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1922-ல் நகராட்சி இடுகாடாகத் திறந்து 1973-ல் மூடினார்கள். சுமார் 1,00,000 கல்லறைகள், காடு மண்டிக் கிடந்தது. 2011-ல் அதன் நடுவே சாலை வரப் போவதாக அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய 4,000 கல்லறைகளைத் தோண்டி எடுக்க வேண்டிய நிலை.

அப்போதுதான் தன்னார்வலர்கள் திரண்டார்கள். விடுமுறை நாட்களில் பொதுமக்களை அழைத்துப் போய் ஒவ்வொரு கல்லறையின் முன்னும் நின்று கதை சொன்னார்கள். அகற்றப்படவிருந்த கல்லறைகளை ஆய்வாளர்கள் படமெடுத்து ஆவணப்படுத்தினார்கள். தாத்தாவின் கல்லறை எங்கே என்றே தெரியாமல் இருந்த குடும்பங்கள் தேடி வந்து கண்டுபிடித்தன. சாலை வந்தது. ஆனால் அந்த ஆவணங்கள் இருக்கின்றன.

அங்கே சில செல்வந்தர்களின் கல்லறைக்குக் காவலாக இரண்டு சீக்கியர் சிலைகள் நிற்கும். தலைப்பாகை, தாடி, கையில் துப்பாக்கி, சீருடையின் பொத்தான் வரை செதுக்கியிருப்பார்கள். அன்றைய சிங்கப்பூரில் வங்கிக்கும் மாளிகைக்கும் சீக்கியர்தான் காவல். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றவர்களை மறுமைக்கும் அழைத்துக்கொண்டார்கள். சீன மொழிக் கல்லறை ஒன்றில் அந்த ஊர் இந்தியர்களின் வாழ்வையும் சேர்த்துப் படிக்க முடிகிறது. அந்தச் சிலைகளைச் செய்தவருக்குச் சீக்கியர்களைக் கிட்டத்தில் பார்த்த பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

மாறன்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். கோட்டை, பழவேற்காடு என்று பேசுவதெல்லாம் நம்மை ஆண்டவர்களின் கல்லறைகள். பழவேற்காட்டில் வணிகம் செய்த டச்சுக் கம்பெனி துணி மட்டுமா ஏற்றியது? 17ஆம் நூற்றாண்டில் பஞ்சக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரை மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். அந்த மக்களில் ஒருவருக்காவது கல் இருக்கிறதா? ஏற்றியவனுக்குக் குடும்பச் சின்னத்தோடு கல். அதை நாம் தூரிகை வைத்துத் துடைக்க வேண்டுமா?

பழஞ்சுவடி

மாறன், நீங்கள் சொன்னது உண்மை. இதை ஒதுக்கிவிட்டுக் கல்லறைகளைப் பற்றிப் பேசினால் அது அரைகுறைப் பேச்சு. ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் யாருக்குக் கல் இல்லை என்றும் கேட்கத்தான் வேண்டும்.

நியூயார்க்கில் 1991-ல் மன்ஹாட்டனில் அரசுக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் எலும்புகள். அடிமைகளாகவும் விடுதலை பெற்றவர்களாகவும் அந்த நகரில் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் இடுகாடு அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடி, மேலே மண் நிரப்பி, நகரத்தைக் கட்டிவிட்டார்கள். 15,000 பேர் வரை அங்கே அடக்கமாகியிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 419 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. அடக்கத்தின்போது ஒரு பெண்ணுக்கு இடுப்பில் மணிச்சரம் கட்டியிருந்தார்கள். பெயர் எழுதிய கல் யாருக்கும் கிடையாது; எலும்பும் மணியும் சவப்பெட்டி ஆணியும்தான் சான்று. மக்கள் போராடிய பிறகு கட்டட வரைபடத்தை மாற்றினார்கள், 2003-ல் அந்த உடல்களை அங்கேயே மறுபடி அடக்கம் செய்தார்கள், 2006-ல் அது தேசிய நினைவிடமானது.

ஆனாலும் பழவேற்காட்டுக் கற்களைக் காக்க வேண்டும் என்றே சொல்வேன். நீங்கள் சொன்ன வணிகத்துக்கு அந்தக் கம்பெனி இங்கே இருந்தது என்பதற்கான கண்ணால் காணும் சான்று அந்தத் தோட்டம். அதை அழியவிட்டால் ஏற்றிச் செல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேச நமக்கு இருக்கும் இடமும் போய்விடும். என்னைக் கேட்டால், அங்கே வைக்கும் தகவல் பலகையில் அந்த மக்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்பதுதான் சரியான கோரிக்கை.

மாறன்

இதை ஏற்கிறேன். பலகை விஷயத்தை நாம் உண்மையிலேயே எழுத்தில் கேட்க வேண்டும்.

வெண்ணி

அடுத்த பக்கத்தையும் கொஞ்சம் பேசலாம். பெரும் அதிகாரி இல்லாத எளிய மனிதனுக்கும் இந்த மண்ணில் கல் நட்டிருக்கிறார்கள். நடுகற்களைச் சொல்கிறேன். கல்லைத் தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிநிலைகளை அடுக்குகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனுக்கு எடுத்தது.

எனக்கு மிக நெருக்கமானது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு விழுந்தான். கல்லில் அவன் உருவம், பக்கத்தில் ஒரு நாய். நாய்க்குத் தனி வாசகம்! கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். பல்லவ அரசர்களின் அதிகாரிகளில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியாது! 1,400 ஆண்டு தாண்டி இந்த நாயின் பெயர் இருக்கிறது. அந்தக் களத்தை நேரில் பார்த்த யாரோ ஒருவர் நாயை விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

பழஞ்சுவடி

வெண்ணி எழுதியதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: 'யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்'. கல்லில் பேசுகிறவர் இறந்தவர் அல்லர், இருக்கிறவர். இதை மறந்தால் கல்லைத் தப்பாகப் படிப்போம்.

ரோமில் புராட்டஸ்டன்ட் இடுகாட்டில் கவிஞர் கீட்ஸின் கல். 1821-ல், 25 வயதில், காசநோயால் இறந்தார். தன் கல்லில் பெயர் வேண்டாம், 'நீரில் எழுதப்பட்ட பெயரை உடையவன் இங்கே கிடக்கிறான்' என்ற ஒரே வரி போதும் என்று கேட்டுக்கொண்டார். நண்பர்கள் செவர்னும் பிரவுனும் பெயரைப் பொறிக்கவில்லை. ஆனால் அந்த வரிக்கு மேலே, எதிரிகளின் கொடுமையால் மனம் கசந்து மரணப் படுக்கையில் அவர் இதைக் கேட்டதாகப் பல வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். விமர்சகர்கள் மேல் நண்பர்களுக்கு இருந்த கோபம் அது. அப்படிச் சேர்த்ததற்காகப் பிரவுன் பின்னாளில் வருந்தினார். இன்று போய்ப் படிக்கிற எவரும் கீட்ஸே கசப்போடு பேசுகிறார் என்றுதான் நினைப்பார்.

பெஞ்சமின் பிராங்க்ளின் கதை நேர் எதிர். இளமையில் தன்னைப் பழைய புத்தகத்தின் அட்டையோடு ஒப்பிட்டு நீண்ட கல்லறை வாசகம் எழுதினார். ஆனால் உயிலில் எளிய கல்லைத்தான் கேட்டார். பிலடெல்பியாவில் கிடைத்ததும் அதுவே: அவர் பெயர், மனைவி டெபோரா பெயர், 1790. அவ்வளவுதான். ராசி என்று பார்வையாளர்கள் அதன்மேல் செப்புக் காசு வீசி வீசிக் கல்லில் குழி விழுந்திருக்கிறது. கல்தச்சனுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசு வீரர்களுக்குக் கல்லறை அமைக்க 1917-ல் ஆணையம் வந்தபோது, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தார்கள். குடும்பத்தார் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம், இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். அந்த 66 எழுத்துக்குள் தாய்மார்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே போனால் நடக்க முடியாமல் நின்றுவிடுவோம்.

சிங்கை நிலா

நெதர்லாந்தின் ரூர்மண்டில் ஒரு கல்லறை இருக்கிறது. கணவர் புராட்டஸ்டன்ட், 1880-ல் இறந்தார். மனைவி கத்தோலிக்கர், 1888-ல் இறந்தார். சமயம் வேறு என்பதால் ஒரே இடத்தில் அடக்கம் செய்ய முடியாது, நடுவில் மதில். மனைவியைத் தன் குடும்பக் கல்லறையில் வைக்காமல் மதிலின் அந்தப் பக்கம் கணவருக்கு நேராக அடக்கம் செய்தார்கள். இரண்டு கல்தூண்களும் மதிலுக்கு மேலே எழும்பி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கல்கை நீண்டு, மதிலைத் தாண்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாசகமே தேவைப்படாத கல் அது.

மேகலா சு.

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது நடைமுறைக் கேள்வி. கையில் ஒரு பெயரும் தேதியும் இருக்கிறது. அடுத்து எங்கே போவது?

நூலகவாசி

சென்னை மாகாணத்துக் கற்கள் என்றால் முதலில் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-ல் அச்சான கல்லறை வாசகப் பட்டியல். இன்று அழிந்துபோன பல வாசகங்கள் அதில் முழுதாக இருக்கின்றன. பல பெயர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பும் உண்டு. அடுத்து அந்தந்தத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். இவற்றின் நகல்களை மாகாணங்கள் லண்டனுக்கு அனுப்பி வந்தன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன, சென்னைக்குத் தனித் தொகுதி. தெற்காசிய ஐரோப்பியக் கல்லறைகளுக்காகவே 1976-ல் தொடங்கிய பாக்ஸா சங்கமும் பதிவுகள் வைத்திருக்கிறது. வசதி இருந்தவர் என்றால் உயிலைத் தேடுங்கள். கல்லில் பெயர் இல்லாத வேலைக்காரர்களும் துணைவிகளும் குழந்தைகளும் உயிலில்தான் தென்படுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே குடும்பக் கல்லில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் தச்சரின் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். முதல் குழந்தை இறந்துபோனால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பது அந்தக் காலத்து ஐரோப்பியர் வழக்கம்.

படங்களை ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தளங்களில் ஏற்றலாம். அண்மைக் கால அடக்கங்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவர்களின் வீட்டார் இருக்கிறார்கள்.

மேகலா சு.

நன்றி. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. சில ஆங்கிலக் கற்களில் '1687/8' என்று இரண்டு ஆண்டு சேர்ந்து வருகிறது. எதை எடுப்பது? ஆர்மீனியக் கற்களில் எண்ணே இல்லையே?

நூலகவாசி

1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். அதனால் ஜனவரி 1687/8 என்றால் அவர்கள் கணக்கில் 1687, நம் கணக்கில் 1688. ஒற்றை ஆண்டு மட்டும் போட்டு மாதம் ஜனவரி, பிப்ரவரி அல்லது மார்ச் முதல் மூன்று வாரம் என்றால் ஓராண்டு கூட்ட வேண்டியிருக்கலாம், பதிவேட்டில் சரிபாருங்கள்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஹாலந்து 1583-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறவில்லை. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டு டச்சுக் கல்லுக்கும் சென்னை ஆங்கிலக் கல்லுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஒரே நாளில் இரண்டு ஊரிலும் ஒவ்வொருவர் இறந்திருந்தால் கற்களில் வேறு வேறு தேதி இருக்கும். தரங்கம்பாடி டேனியர்கள் பக்கம் டென்மார்க் 1700-ல் மாறியது. அதனால் 1719-ல் இறந்த தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்குவின் தேதி புதிய கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்மீனியக் கற்களில் எழுத்துகளே எண்கள், நம் பழைய தமிழ் எண்களைப் போல. அந்த மதிப்பைக் கூட்டிவரும் ஆண்டோடு 551 சேர்த்தால் கிறிஸ்து ஆண்டு வரும். 1243 என்று வந்தால் 1794. சென்னையில் ஷ்மாவோனியன் என்ற ஆர்மீனியப் பாதிரியார் உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தராரைத் தொடங்கிய ஆண்டும் அதுதான். அவர் கல்லறை ஆர்மீனியன் தெருத் தேவாலயத்தில் இருக்கிறது, தரையில் படுத்த கல். கல்தச்சன் சொன்னபடி காலை வெயிலில் எடுத்துப் போடுங்கள், எழுத்துகளைச் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.